ஞாயிற்றுக்கிழமைக் கட்டம்

மரியப்பனிடம் யாராவது தெரியாத்தனமாக, "என்னண்ணே, ஆஸ்பத்திரியில கரன்டெல்லாம் எப்படி?" என்று கேட்டுவிட்டால் போச்சு. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மெயின் போர்டு அறையில் நிறுத்தி, பீரோவைத் திறந்து, எட்டு ரிஜிஸ்டரையும் எடுத்துக் காட்டாமல் விடமாட்டார். வருஷத்துக்கு ஒன்று. முதல் பக்கத்தின் தலையில் ஒரு சிலுவைக் குறி, அதற்குக் கீழே தேதி, மீட்டர் எண், எரிந்த யூனிட். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு வரி. அடித்தல் திருத்தல் கிடையாது. "ஒரு கட்டமாச்சும் காலியா இருக்கா பாருங்க" என்று சவால் வேறு விடுவார். பார்க்கிறவருக்கு ஓடிப்போனால் போதும் என்று இருக்கும்.

அமராவதிபுதூர் போகிற ரோட்டில் இருந்த அந்தச் சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் அவர் எலக்ட்ரீஷியன். பம்ப், ஃபேன், ஜெனரேட்டர் என்று ஓடுகிறது எல்லாம் அவர் பொறுப்பு. பிரசவக் கட்டடத்துக்கென்று தனி மீட்டர் வைத்த அன்றைக்கு, அப்போது ஆஸ்பத்திரிப் பொறுப்பில் இருந்த மதர் புது ரிஜிஸ்டர் ஒன்றை அவர் கையில் கொடுத்து, "ஒரு கட்டம்கூட காலியா இருக்கக் கூடாது, மரியப்பா" என்றார். மதர் கண்டிப்பானவர். மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஆளைக் கூப்பிட்டு நிற்க வைத்துவிடுவார். அவர் மாற்றலாகிப் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. மரியப்பன் அந்த வார்த்தையை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். எப்படிக் காப்பாற்றினார் என்பதில்தான் விவகாரமே இருக்கிறது.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி மாதம் ஜெர்மனியிலிருந்து ஒரு கண்ணாடிப் பெட்டி வந்தது. குறைமாதத்தில் பிறக்கிற பிள்ளையை உள்ளே வைத்துச் சூடு குறையாமல் காப்பாற்றுகிற பெட்டி. டாக்டர் அதை இன்குபேட்டர் என்பார், ஆயாக்களுக்கு அது கண்ணாடிப் பெட்டிதான். அதுவரைக்கும் ஏழாம் மாதம், எட்டாம் மாதம் பிறந்த பிள்ளை என்றால் பஞ்சிலும் துணியிலும் பொதிந்து, ஜீப்பில் ஏற்றி மதுரைக்கு அனுப்புவார்கள். ரெண்டு மணி நேரப் பயணம். பெட்டி வந்த அன்று தோட்டக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள்.

டாக்டர் ஜெரினா மட்டும் மிட்டாயைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "மெயினை அமத்துங்க மரியப்பன். ஜெனரேட்டர்ல ஓட்டிப் பாத்துருவோம்" என்றார். மழை, காற்று என்றால் கரன்ட் போகத்தான் செய்யும். ஜெனரேட்டர் கிளம்பியது. வார்டு விளக்கெல்லாம் எரிந்தது. பெட்டியின் சுவிட்சைப் போட்டதுதான் தாமதம், ஜெனரேட்டர் நாலு இருமல் இருமிவிட்டு நின்றுபோனது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது.

"கரன்ட் போனா இது வெறும் கண்ணாடி. உள்ள பிள்ளையை வச்சுக்கிட்டு நான் செபம் சொல்லிக்கிட்டு நிக்க முடியாது" என்றார் டாக்டர். பெரிய ஜெனரேட்டர் அடுத்த வருஷம்தான் வரும். "இருக்கிற லோடுல எதையாச்சும் குறைக்க முடியுமா?"

மரியப்பன் ரிஜிஸ்டர்களைக் கொண்டுவந்து பெருமையோடு விரித்தார். டாக்டர் அரை மணி நேரம் புரட்டினார். மற்ற நாளெல்லாம் எழுபத்தெட்டு, எண்பது யூனிட். ஆபரேஷன் நாளான சனிக்கிழமை நூற்றுப்பத்து. தியேட்டரும் ஓ.பி.யும் பூட்டிக்கிடக்கிற ஞாயிற்றுக்கிழமை பதினைந்தே பதினைந்து. "வேலை இல்லாத அன்னைக்கு ஒண்ணுமே எரியலையே. அப்ப எரியிறதெல்லாம் வேலைக்குத்தான் எரியுது. குறைக்க என்ன இருக்கு?" என்று சொல்லி ரிஜிஸ்டரை மூடினார். பெட்டியின் மேல் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தி ஸ்டோர் ரூமில் வைத்தார்கள்.

புரட்டாசியில் ஒரு பிள்ளை எட்டாம் மாதம் பிறந்தது. ஜீப் கதவைச் சாத்திவிட்டது மரியப்பன்தான். மேலூர் தாண்டுவதற்குள் பிள்ளை போய்விட்டது என்று டிரைவர் வந்து சொன்னார். அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் சத்தியப்பிரியா வந்து சேர்ந்தாள். சாக்கோட்டைக்காரி, காரைக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவள். கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு உண்டான பிள்ளை, இப்போது ஏழாம் மாதம். ரத்தக் கொதிப்பு ஏறிக் கால் ரெண்டும் வீங்கியிருந்தது. டாக்டர் அவளை மெயின் போர்டு அறைக்குப் பக்கத்து அறையில் படுக்க வைத்து, இடது பக்கமாகத்தான் படுக்க வேண்டும், எழுந்து நடமாடக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிள்ளை நாள் இருந்து பிறக்குமா என்பது சந்தேகம் என்று அவளுடைய அம்மா சோணையம்மாளிடம் தனியாகச் சொன்னார். சோணையம்மாள் அதை மகளிடம் சொல்லவில்லை. மகள் சார்ட்டை எட்டிப் பார்த்துத் தானாகவே தெரிந்துகொண்டாள்.

படுத்தே கிடந்தால் மனசு எங்கெங்கோ போகும், இல்லையா? நாலு நாளில் வாரப்பத்திரிகைகளை எல்லாம் படித்து முடித்துவிட்டாள். பல்பு ஹோல்டர் மாற்ற வந்த மரியப்பனிடம், "அண்ணே, படிக்க ஏதாச்சும் இருந்தாக் குடுங்களேன். பஞ்சாங்கமா இருந்தாக்கூடப் பரவால்ல" என்றாள்.

"எங்கிட்ட என்ன டீச்சர் இருக்கு, ரிஜிஸ்டர்தான் இருக்கு" என்றார் அவர், வேடிக்கையாக.

அவள் கண் விரிந்தது. "எத்தனை வருசத்துது?"

மரியப்பனுக்கு நெஞ்சு ரெண்டு அங்குலம் கூடிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவரிடம் தானாகக் கேட்டு வாங்கின முதல் ஆள் அவள்தான். எட்டையும் துடைத்துக் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் அடுக்கினார். சோணையம்மாள், "வயித்துப் பிள்ளைக்காரி படிக்கிற புத்தகமா தம்பி இது?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவர் எட்டிப் பார்த்தபோது சத்தியப்பிரியா ஒரு ரிஜிஸ்டரை வயிற்றின் மேல் விரித்துப் படுத்திருந்தாள்.

"எழுத்து அச்சு மாதிரி இருக்குண்ணே. என் காலேஜுப் பிள்ளைகளுக்குக்கூட இப்படி எழுத வராது" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவா?"

"லீவுதான். ஆனா மீட்டரை மட்டும் வந்து பாத்துட்டுப் போயிருவேன்."

"எட்டு வருசமா ஞாயித்துக்கிழமை பதினாலு, பதினஞ்சு, பதினாறு. திரும்பப் பதினாலு, பதினஞ்சு, பதினாறு. மழைக்கும் மாறலை, வெயிலுக்கும் மாறலை. ஈஸ்டர் அன்னைக்கும் அதே பதினஞ்சு." அவள் குரலில் குத்தல் இல்லை. "நெசமான எண்ணு இப்படி வரிசையா நிக்காதுண்ணே. அங்குட்டும் இங்குட்டும் ஓடும்."

மரியப்பனின் முகம் செத்துப்போனது. "வேலையிருக்கு டீச்சர்" என்று சொல்லி வெளியே வந்துவிட்டார்.

ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. கோபம்னா கோபம். நேற்று வந்த பொம்பளை, படுத்துக்கிடந்தபடியே எட்டு வருஷ உழைப்பைப் பொய் என்று சொல்லிவிட்டாளே! வீட்டில் சோற்றுத் தட்டைத் தள்ளினார். சைக்கிளை உதைத்தார். விஷயம் என்னவென்றால், அவள் சொன்னது அத்தனையும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய்விட்டு, கறி வாங்கி, சாப்பிட்டுப் படுக்கிற மனுஷர் அவர். திங்கட்கிழமை காலை மீட்டரைப் பார்ப்பார். ஞாயிறு கட்டம் காலியாக முறைக்கும். காலியாக இருக்கக் கூடாதே! ஆளில்லாத நாள், என்ன பெரிதாக எரிந்திருக்கப்போகிறது என்று பதினைந்தைப் போட்டு, மிச்சத்தைச் சனிக்கிழமை தலையில் கட்டிவிடுவார். சனிக்கிழமை சாயங்காலம் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து திங்கட்கிழமை காலையில் ஒரு பொய். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு. இது பாவம் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதே கிடையாது.

மூன்றாம் நாள் ஸ்டோர் ரூமில் பல்பு எடுக்கப் போனவர் பெட்ஷீட் போர்த்திய பெட்டியைப் பார்த்தார். டாக்டர் ரிஜிஸ்டரை மூடியது ஞாபகம் வந்தது. வேலை இல்லாத அன்றைக்கு ஒன்றுமே எரியவில்லையே என்று எதைப் பார்த்து அவர் சொன்னார்? இவர் போட்ட பதினைந்தைப் பார்த்துத்தான் சொன்னார். புரட்டாசியில் தான் சாத்திய ஜீப் கதவின் சத்தம் காதில் கேட்டது. மரியப்பன் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எழுந்து நேரே டாக்டரிடம் போய், மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் ஜெரினா பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று மரியப்பன் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம். "அப்ப ஞாயித்துக்கிழமை நெசத்துல எவ்வளவு எரியுது?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாது டாக்டரம்மா."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

சத்தியப்பிரியாவின் அறை வாசலில் வந்து நின்றார். அவளே சொன்னாள். "வாங்கண்ணே. நான் பொய்யின்னு சொல்லலை. அன்னைக்கு உங்களுக்கு லீவுன்னுதான் சொன்னேன்."

"பொய்தான் டீச்சர்" என்றார் மரியப்பன். ஸ்டோர் ரூமில் கிடக்கிற கண்ணாடிப் பெட்டியைப் பற்றியும் சொன்னார். கண் கலங்கிவிட்டது. "இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க."

"ஒரு ஞாயித்துக்கிழமை, மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பாத்து எனக்குச் சொல்லுங்க. உள்ளதை உள்ளபடி. ஒரு மணி தவறிட்டா தவறிருச்சுன்னு சொல்லுங்க. நீங்களா ஒண்ணு போட்டுறாதீக, எனக்குப் பிடிபடாமப் போயிரும்."

அந்த ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் கறிக்கடைப் பக்கம் திரும்பாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஏழு மணிக்கு ஆரம்பித்தார். பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக எண்ணைச் சொல்வார். காய்ச்சல் சார்ட் ஒன்றின் பின்பக்கக் கட்டங்களில் அவள் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். எட்டு மணி, ஒன்பது, பத்து. தியேட்டர் பூட்டியிருக்கிறது. ஸ்டெரிலைசர் ஓடவில்லை. மழைக் குளிரில் ஒரு ஃபேன்கூடச் சுற்றவில்லை. ஆனாலும் மணிக்கு ரெண்டு யூனிட், மணிக்கு ரெண்டு யூனிட் என்று மீட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சத்தியப்பிரியா சார்ட்டைத் திருப்பிக் காட்டினாள். கோடு தரையோடு படுக்காமல் உயரத்திலேயே நேராகப் போனது. "எறங்காத காய்ச்சல் மாதிரி இருக்குண்ணே. நீங்க போட்ட பதினஞ்சு இல்ல, ஒரு நாளைக்கு நாப்பத்தெட்டு. எதுவோ ஒண்ணு ராப்பகலா எரிஞ்சுக்கிட்டே இருக்கு. அதைக் கண்டுபிடிச்சா பெட்டிக்கு இடம் கெடைச்சுரும்." சொல்லிவிட்டு வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "சீக்கிரம் கண்டுபிடிங்கண்ணே" என்றாள். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் அந்த ஒரு வார்த்தையில் உடைந்துவிட்டது.

மரியப்பன் மெயின் போர்டில் ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கிப் பார்த்தார். தியேட்டர் லைன், மீட்டர் சக்கரம் அதே வேகம். வராந்தா லைன், அதே வேகம். பிள்ளை பெற்றவர்கள் வார்டு லைனைப் பிடுங்கினார். சக்கரம் சோம்பல் முறித்த மாதிரி மெதுவாகிவிட்டது. உள்ளேயிருந்து பொம்பளைகள் சேர்ந்து கத்தினார்கள். அவசரமாகத் திரும்ப மாட்டிவிட்டு வார்டுக்குள் போனார்.

போய்ப் பார்த்தால், பட்டப்பகல். ஜன்னலெல்லாம் திறந்து வெளிச்சம் கொட்டிக்கிடக்கிறது. பதினெட்டுக் கட்டில், பதினெட்டுக் கட்டிலின் தலைமாட்டிலும் நூறு வாட் பல்பு எரிகிறது. பிள்ளை இல்லாத காலிக் கட்டிலுக்கும் எரிகிறது. ஃப்யூஸான பல்பை எல்லாம் மாற்றிக்கொண்டிருந்தவர் சாட்சாத் இவரேதான். எட்டு வருஷமாகத் தினமும் கண்ணில் பட்டது, ஒரு நாளும் கருத்தில் படவில்லை. கிட்டே போய் ஒரு சுவிட்சைத் தொட்டார். யாரும் அமர்த்திவிடாதபடி அதன் மேல் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி குறுக்கே ஒட்டியிருந்தது. அடுத்ததிலும் அப்படியே. பதினெட்டிலும் அப்படியே.

நகத்தால் ஒரு முனையைக் கிளப்பினார்.

"அதுல கை வைக்காதீக."

திரும்பினால், கையில் வெந்நீர்ச் செம்போடு அருளம்மாள் நின்றாள். அவர் பெண்சாதி. அந்த வார்டில் பதினைந்து வருஷமாக ஆயா.

பிள்ளை பெற்ற அறையில் பதினாறு நாள் விளக்கு அமரக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். வீட்டில் என்றால் அகல் விளக்கு. ஆஸ்பத்திரியில் அகலுக்கு எங்கே போவது? தலைமாட்டுப் பல்புதான் விளக்கு. இந்து வீட்டுக்காரர்களும் சரி, வேதக்காரர்களும் சரி, "ஆயா, லைட்டை மட்டும் அமத்திராதீக" என்று சொல்லாமல் இருக்கமாட்டார்கள். ஆனால் பிளாஸ்திரி ஒட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. காலிக் கட்டிலுக்கு எரிய விடச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. அது அருளம்மாளின் சொந்த ஏற்பாடு.

ஏன் என்று மரியப்பனுக்குக் கேட்கத் தேவையில்லை. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் இதே வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், அவர்களுடைய தலைப்பிள்ளை பிறந்தான். எட்டு மாதம் நிறையவில்லை. அருண் ஜோசப் என்று அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அந்தி நேரத்தில் கரன்ட் போனது. யாரோ ஓடிப்போய் அரிக்கேன் விளக்கு ஏற்றிக்கொண்டு வந்தபோது, அருளம்மாளின் மடியில் பிள்ளை அடங்கிப்போயிருந்தான். பிறகு பெல்சி பிறந்தாள், வளர்ந்தாள், திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அருணைப் பற்றி மட்டும் வீட்டில் ரெண்டு பேரும் பேசியதில்லை. அவள் அதைப் பேசாமல் பதினெட்டு சுவிட்சில் ஒட்டி வைத்திருந்தாள்.

"அருளு, இங்குட்டு வா" என்று வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"என்ன சொன்னாலும் அமத்த விடமாட்டேன். சொல்லிப்புட்டேன்."

இந்தப் பல்புகளால்தான் பெட்டி ஓடவில்லை, பெட்டி ஓடாததால்தான் புரட்டாசிப் பிள்ளை ஜீப்பில் போனது என்று சொல்ல அவருக்கு வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே முழுங்கினார். "உம்மேல தப்பு ஒண்ணுமில்ல. நான் ஒழுங்கா மீட்டரைப் பாத்திருந்தா என்னைக்கோ தெரிஞ்சிருக்கும். நான் பதினஞ்சு பதினஞ்சுன்னு எழுதிக்கிட்டுக் கறி தின்னுட்டுத் தூங்கியிருக்கேன்" என்றார்.

அருளம்மாள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். அவர் புரியும்படி சொன்னார். கண்ணாடிப் பெட்டிக்கு அறுநூறு வாட் வேண்டும். இந்தப் பல்பு பதினெட்டும் சேர்ந்து ஆயிரத்து எண்ணூறு வாட் தின்கிறது. கரன்ட் போனால் ஜெனரேட்டரால் ரெண்டையும் தூக்க முடியாது.

"அப்ப வெளக்கை அமத்தணும்ங்கிறீக."

"அமத்த வேணாம்."

அன்றைக்கே மழையில் சைக்கிளை மிதித்துச் செக்காலை ரோட்டில் தெரிந்த கடைக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டிக் கடையைத் திறக்க வைத்தார். ஜீரோ வாட் பல்பு பதினெட்டு வாங்கினார். பெயர்தான் ஜீரோ, பதினைந்து வாட் எரியும். படுக்கையறையில் போடுகிற சின்னப் பல்பு. சிவப்பும் பச்சையும் நீலமும் கலந்துதான் கிடைத்தது. ஜன்னலோரக் கட்டிலில் ஒன்றை மாட்டினார். அருளம்மாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இத்தனூண்டு இருக்கு. பிள்ளை கண்ணுக்குத் தெரியுமா?"

"அகல் விளக்கு இதைவிடப் பெரிசாவா இருந்துச்சு?"

அவள் பல்பை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டாள். "கரன்ட் போச்சுன்னா?"

"ஜெனரேட்டர் தூக்கிரும். இதுவும் எரியும், பெட்டியும் ஓடும். நான் பக்கத்துலயே நிப்பேன்." பிறகு சொன்னார். "அன்னைக்குப் பெட்டி இருந்திருந்தா அருண் இருந்திருப்பான், அருளு. அவன் வெளக்கு இல்லாமப் போகலை. சூடு இல்லாமப் போனான்."

இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் அவர்களுக்கு நடுவில் சத்தமாக விழுந்தது. அருளம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். மரியப்பனும் சுவரைப் பார்த்து நின்று அழுதார்.

பிளாஸ்திரியை அவர் தொடவில்லை. அவளே கட்டில் கட்டிலாகப் போய், ஒவ்வொரு தாயிடமும் விஷயத்தைச் சொல்லி, ஒவ்வொன்றாக உரித்தாள். ஒரு பாட்டி மட்டும் சண்டைக்கு வந்தாள். "வெளக்கு அமரலையே ஆத்தா, சின்னதாத்தான ஆச்சு. பிள்ளையும் சின்னதுதான" என்று அருளம்மாள் சொன்னதும் பாட்டி சிரித்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் வார்டு முழுக்கச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக, கிறிஸ்துமஸ் ஒரு மாதம் முந்தி வந்த மாதிரி ஆகிவிட்டது. காலிக் கட்டிலின் விளக்கை மட்டும் அவளே அமர்த்தினாள்.

மறுநாள் ஜெனரேட்டரில் பெட்டியை ஒரு மணி நேரம் ஓட்டினார்கள். ஒரு இருமல் இல்லை. டாக்டர் ஜெரினா அப்போதும் மிட்டாய் தின்கிற ஆளாக இல்லை. "ஒரு மணி நேரத்தை வச்சு நான் முடிவு பண்ண மாட்டேன். ரெண்டு வாரம் எழுதிக் காட்டுங்க. ஞாயிறும் சேத்து" என்றார். மரியப்பன் தலையை ஆட்டினார். எழுபத்தெட்டு நாற்பத்தொன்றானது. நாற்பத்துமூன்று, நாற்பது, மறுபடி நாற்பத்துநாலு. எண் அங்குட்டும் இங்குட்டும் ஓடியது. சத்தியப்பிரியாவுக்கு அந்த ஓட்டத்தைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம். முதல் ஞாயிறு பன்னிரண்டு. "பதினஞ்சுன்னு நான் போட்டதைவிடக் கம்மி டீச்சர்" என்று மரியப்பன் ஜன்னலில் நின்று கத்தினார். அவள் காய்ச்சல் சார்ட்டில் புள்ளி வைத்தாள். கட்டடத்தின் கோடு இறங்கிக்கொண்டே வந்தது. அவளுடைய சொந்த சார்ட்டில் ரத்தக் கொதிப்புக் கோடு ஏறிக்கொண்டே போனது.

பதிமூன்று நாள் எழுதியாகிவிட்டது. பதினாலாம் நாள் ஞாயிறு. விடியும்போதே இடியும் மழையும். மரியப்பன் மீட்டர் பார்க்க ஐந்தே முக்காலுக்கு வந்து சைக்கிளை நிறுத்தினார். வராந்தாவில் சோணையம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மகளுக்கு வலிப்பு வரும்போல இருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுக்க வேண்டும், மதுரைக்குக் கொண்டுபோக நேரமில்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் கரன்ட் போய்விட்டது.

மரியப்பன் ஓடினார். வயசு ஐம்பத்துரெண்டு என்று அன்றைக்குச் சொன்னால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். ஜெனரேட்டர் ரெண்டாவது இழுப்பில் கிளம்பியது. தியேட்டர் விளக்கு ஏறிய சத்தம் எஞ்சினில் தெரிந்தது. பிறகு பெட்டியைப் போட்டார்கள், எஞ்சின் ஒரு நொடி தாழ்ந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் மேலே வந்தது, ஒரே சீராக ஓடியது. டீசல் டாங்கில் ஒரு கை, செபமாலையில் ஒரு கை என்று அந்த ஷெட்டை விட்டு அவர் நகரவில்லை. எட்டரை மணிக்குக் கரன்ட் வந்தது. அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் அணைக்காமல் ஓடவிட்டார், பயத்தில்.

பெண் பிள்ளை. ஒரு கிலோ நானூறு கிராம். ஆறு இருபதுக்கு எடுத்தார்கள். தாய் பிழைத்துவிட்டாள். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள், உள்ளங்கை அகலத்தில், சிவந்துபோய்க் கிடந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் அருளம்மாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் ஓரத்தில் கடுகு அளவு ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தபடி அன்றைக்கு முழுக்க எழுந்திருக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மரியப்பன் மீட்டரைப் பார்த்தார், ரிஜிஸ்டரை விரித்தார். ஞாயிறு கட்டம் காலியாக இருந்தது. டாக்டர் கேட்ட ரெண்டு வாரத்தில் அந்த ஒரு கட்டம். பழக்க தோஷம், மனசு தானாகவே கழித்துப் பார்த்துவிட்டது. பன்னிரண்டு என்று போடலாம். இப்போது அது உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில்தான் இருக்கும், யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது. பேனா முனையைக் கட்டத்தில் வைத்தவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு எழுதினார். கட்டம் சின்னது, எழுத்தை நுணுக்கி எழுத வேண்டியிருந்தது.

அருளம்மாள் டியூட்டி முடிந்து அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். அவளுக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது. "என்ன இது, எண்ணுக்குப் பதிலா என்னமோ எழுதியிருக்கீக?"

மரியப்பன் விரல் வைத்துப் படித்துக் காட்டினார். "மீட்டர் பார்க்கவில்லை. பிள்ளை பிறந்தது, உயிரோடு இருக்கிறது."

அருளம்மாள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இன்னொரு தடவை படிங்க" என்றாள்.